திரை கறுத்தால் பார்மட் வேண்டாம்



தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கும் மாதங்களில் நமக்கு வரும் கடிதங்களின் சாயலே மாறிவிடும். ‘டிஸ்ப்ளே வரலை’ என்றுதான் பல கடிதங்கள் தொடங்கும். கேம் போட்டதும் திரை கறுத்துவிட்டது, அப்டேட் ஆனதிலிருந்து ஐகான் எல்லாம் பூதாகரமாகத் தெரிகிறது, யூடியூபில் படம் விட்டுவிட்டு ஓடுகிறது, திடீரென நீலத்திரை வந்து சிஸ்டம் தானாக அணைந்து எழுகிறது. கோளாறுகள் பலவிதம். கடைசி வரி மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்: ‘கடையில் காட்டினோம், பார்மட் பண்ணணும் என்கிறார்கள். பண்ணலாமா?’

வேண்டாம். கொஞ்சம் பொறுங்கள். இந்த மாதம் இந்தப் பக்கம் முழுவதையும் இந்த ஒரு கேள்விக்கே கொடுத்துவிட்டேன்.

பார்மட் செய்தால் சரியாகிவிடுகிறதே என்று கேட்பீர்கள். பல நேரம் சரியாகத்தான் ஆகிறது. விண்டோஸைப் புதிதாகப் போடும்போது பழைய கிராபிக்ஸ் டிரைவரும், அதாவது கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளும், சேர்ந்து அழிந்துபோகிறது. இன்டர்நெட் கிடைத்ததும் வேறொரு டிரைவர் வந்து உட்காருகிறது. குணமானது அந்த ஒரு டிரைவரால். அதற்குக் கொடுத்த விலையோ டெஸ்க்டாப்பில் கிடந்த தங்கை கல்யாணப் படங்கள், அப்பாவின் பென்ஷன் காகிதங்களை ஸ்கேன் செய்து வைத்த போல்டர், டிடிபி செய்பவர் என்றால் வருடக்கணக்காகச் சேர்த்த எழுத்துருக்கள். கடைப் பையன்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். பார்மட்டுக்கு இவ்வளவு என்று ஒரு கூலி இருக்கிறது. உட்கார்ந்து காரணத்தைத் தேடும் நேரத்துக்குக் கூலி கொடுக்க நமக்கு மனம் வருவதில்லை. அவர்களும் எது சீக்கிரம் முடியுமோ அதைச் செய்கிறார்கள்.

ஒரு டிரைவர் ஏன் இவ்வளவு ஆட்டம் காட்டுகிறது? வேர்டு நின்றுபோனால் வேர்டு மட்டும் மூடிக்கொள்ளும், மற்றவை ஓடும். கிராபிக்ஸ் டிரைவரின் முக்கியப் பகுதி விண்டோஸின் மையமான கெர்னலுக்குள் ஓடுகிறது. அங்கே ஒரு தப்பு நடந்தால் மொத்த சிஸ்டமும் விழும். 2007இல் வீடுகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் இதற்கு ஒரு காவல் வைத்தார்கள். கார்டுக்கு ஒரு வேலை கொடுத்து 2 விநாடிக்குள் பதில் வராவிட்டால், விண்டோஸே டிரைவரை உதறி எழுப்பிவிடும். திரை ஒரு கணம் கறுத்துத் திரும்ப வருகிறது, ஓடிக்கொண்டிருந்த கேம் மட்டும் மூடிவிடுகிறது என்றால் நடந்தது அதுதான். எழுப்பியும் எழாவிட்டால் நீலத்திரை. அதன் அடியில் ‘வீடியோ டிடிஆர்’ என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். அந்த வரியைச் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே ஒரு கோப்பின் பெயரும் வருவதுண்டு. ‘என்வி’ என்று தொடங்கினால் என்விடியா, ‘ஏடிஐ’ அல்லது ‘ஏஎம்டி’ என்றால் ஏஎம்டி, ‘ஐஜிடி’ என்றால் இன்டெல். பாதித் துப்பு அங்கேயே கிடைத்துவிடும்.

அதே விஸ்டாதான் டிரைவர் சங்கடத்தின் உச்சத்தையும் பார்த்தது. அமெரிக்காவில் அந்த விண்டோஸ் தொடர்பாக நடந்த வழக்கில் மைக்ரோசாப்ட்டின் உள் ஆவணங்கள் 2008இல் வெளியே வந்தன. 2007இல் பதிவான விஸ்டா முடக்கங்களில் 28.8 சதவீதத்துக்கு என்விடியா டிரைவர்கள் காரணம் என்று அவற்றில் இருந்தது. மைக்ரோசாப்ட்டின் சொந்தப் பங்கு 17.9 சதவீதம். விண்டோஸின் உள்ளமைப்பே மாறியிருந்த காலம், எல்லாக் கம்பெனிகளும் டிரைவரை அடியிலிருந்து திரும்ப எழுத வேண்டியிருந்தது. இப்போது நிலைமை எவ்வளவோ தேவலை. ஆனாலும் புதிய டிரைவர் என்றாலே நல்ல டிரைவர் என்று எந்த விதியும் கிடையாது. 2010 மார்ச்சில் என்விடியா வெளியிட்ட 196.75 என்ற டிரைவர் சில கார்டுகளின் மின்விசிறியைச் சரியாக ஓடவிடவில்லை. கார்டுகள் சூடேறுவதாகப் புகார் கிளம்பியதும் கம்பெனியே அதைத் திரும்பப் பெற்றது. 2015 நவம்பரில் ஏஎம்டியின் கிரிம்சன் டிரைவரிலும் விசிறிக் கோளாறு வந்து, அவசரமாகத் திருத்தம் விட்டார்கள். ‘அப்டேட் பண்ணினேன், கெட்டுப்போச்சு’ என்று எழுதும் வாசகர் பெரும்பாலும் உண்மையைத்தான் எழுதுகிறார்.

சரி, கோளாறு டிரைவரிலா, கார்டிலா? இதைக் கண்டுபிடிக்கத் திருப்புளி வேண்டாம், கண் போதும். சிஸ்டத்தை ஆன் செய்ததும் முதலில் வருவது கம்பெனி லோகோ. அந்த நேரத்தில் விண்டோஸ் விழித்திருக்காது, கிராபிக்ஸ் டிரைவரும் ஏறியிருக்காது. அங்கேயே கோடுகோடாக வந்தால், அல்லது எதுவுமே வராமல் மானிட்டர் ‘நோ சிக்னல்’ என்று மட்டும் காட்டினால், டிரைவரைத் தொட்டுப் பயனில்லை. கேபிள், மானிட்டர், ராம், கார்டு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். லோகோ பளிச்சென வந்து, கீழே புள்ளிகளும் சுழன்று, பாஸ்வேர்டு கேட்க வேண்டிய இடத்தில் திரை கறுத்தால் சந்தேகம் நேராக டிரைவர் மேல். கறுப்புத் திரையில் மவுஸ் அம்பு மட்டும் நகர்கிறதா? அப்போது பெரும்பாலும் டிரைவர் வேலை செய்கிறது, விண்டோஸின் டெஸ்க்டாப்தான் எழவில்லை. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜர் வருகிறதா என்று பாருங்கள்.

இன்னும் எளிதான மூன்று சங்கதிகளை முதலில் முடித்துவிடுங்கள். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்தினால் டிரைவர் மட்டும் மீண்டும் தொடங்கும்; ஒரு ‘பீப்’ கேட்டு, திரை ஒருமுறை சிமிட்டும். சேமிக்காத வேலை பொதுவாக இதனால் போகாது. அடுத்தது விண்டோஸும் பி-யும் (P). நேற்று லேப்டாப்பை டிவியில் மாட்டி ஐபிஎல் பார்த்திருப்பீர்கள். படம் இரண்டாம் திரைக்கு மட்டும் போகும்படி அமைப்பு மாறியிருக்கும். டிவியைக் கழற்றிய பிறகும் அது அப்படியே நின்றுவிடுவது உண்டு. மூன்றாவது, புதிதாகக் கார்டு போட்ட வீடுகளில் சர்வசாதாரணம்: எச்டிஎம்ஐ கேபிளைக் கார்டில் சொருகாமல், பழக்கதோஷத்தில் மேலே இருக்கும் மதர்போர்டு ஓட்டையில் சொருகியிருப்பார்கள். பல ஆயிரம் ரூபாய்க் கார்டு உள்ளே சும்மா காற்று வாங்கிக்கொண்டிருக்கும்.

போன மாதம் ஒரு மதியம் காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி அலுவலகத்துக்குப் போன் செய்தார். மகன் வெளிநாட்டில். லேப்டாப் இருப்பதே பேரனைப் பார்க்கத்தான். ஏற்கெனவே ஏதோ கோளாறு என்று கடையில் கொடுத்து, பார்மட் ஆகித் திரும்பியிருக்கிறது.

“பேரன் மொகம் இழுத்து இழுத்து வருது தம்பி. எழுத்தெல்லாம் பெருசு பெருசா நிக்குது. வெளிச்சத்தைக் கொறைக்கலாம்னா அதுவும் நடக்கலை.”

இந்த மூன்று அறிகுறியும் சேர்ந்து வந்தால் ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. ஸ்டார்ட் பொத்தான் மேல் வலது கிளிக் செய்யச் சொன்னேன். டிவைஸ் மேனேஜர், அதற்குள் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ். “அங்கே என்ன பேர் போட்டிருக்கு ஆச்சி?” ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்.

அது விண்டோஸ் தன் பையிலேயே வைத்திருக்கும் பொது டிரைவர். ஸ்டெப்னி டயர் போல, வீடு வந்து சேர உதவும், ஊர் சுற்ற உதவாது. லேப்டாப்பை ஆன் செய்து ஒரு படத்தைக் காட்டும். திரையின் முழுத் துல்லியம், வெளிச்ச அளவு, வீடியோவைச் சரளமாக ஓட்டுவது எதற்கும் அது பொறுப்பல்ல. விண்டோஸ் போட்டுக் கொடுத்தவர் உரிய டிரைவரைப் போடாமலே மூடிக் கொடுத்துவிட்டார். லேப்டாப்பைக் கவிழ்த்துச் சீரியல் எண்ணைப் படிக்கச் சொன்னேன். “இது ஓ-வா, சைபரா தம்பி?” என்று இரண்டு இடத்தில் நின்றார். கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் அந்த எண்ணைப் போட்டு, அந்த மாடலுக்கான கிராபிக்ஸ் டிரைவரை இறக்கி, ஓடவிட்டு, ஒருமுறை ரீஸ்டார்ட். திரை நேரானதும் ஆச்சி கேட்டார்: “அப்ப அந்தப் பையன் வேலையை முடிக்காமலேதான் காசு வாங்கிட்டானா?”

என்னிடம் பதில் இல்லை.

லேப்டாப் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இன்டெல் தளத்திலிருந்து நேராக டிரைவரை இறக்கினால் சில பழைய லேப்டாப்புகளில் ‘இந்தக் கணினிக்கு இது சரிபார்க்கப்படவில்லை, தயாரிப்பாளரிடம் வாங்குங்கள்’ என்ற பொருளில் ஒரு செய்தி வந்து நின்றுவிடும். பழுது ஒன்றும் இல்லை. லேப்டாப் கம்பெனி தன் திரைக்கும் மின்சாரத்துக்கும் ஏற்ப அந்த டிரைவரைத் திருத்தி வைத்திருக்கிறது. முதலில் லேப்டாப் கம்பெனியின் டிரைவர், அதில் தீராவிட்டால் பிறகு இன்டெல், என்விடியா, ஏஎம்டி.

இனி, நேற்றுவரை நன்றாக ஓடி, அப்டேட்டுக்குப் பின் கெட்டுப்போன கேஸ். புதிதாக எதையும் இறக்குவதற்கு முன் பின்னால் போய்ப் பாருங்கள். அதே டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயர் மேல் இரண்டு முறை கிளிக் செய்து, டிரைவர் என்ற தாவலுக்குப் போனால் ‘ரோல் பேக் டிரைவர்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். பழைய டிரைவர் கைவசம் இருந்தால் அது அழுத்த வரும், மங்கலாக இருந்தால் பழையது இல்லை என்று பொருள். என் அனுபவத்தில் அப்டேட்டால் வந்த கோளாறுகளில் கணிசமானவை இந்த ஒரு பொத்தானிலேயே முடிந்துவிடுகின்றன. ஆனால் கடைகளில் இதை அழுத்திப் பார்த்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அதே தாவலில் டிரைவரின் தேதியும் எண்ணும் இருக்கும். அழுத்துவதற்கு முன் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

திரையே வராமல் எப்படி டிவைஸ் மேனேஜருக்குப் போவது? அதற்குத்தான் சேஃப் மோடு. அங்கே விண்டோஸ் உங்கள் டிரைவரை விட்டுவிட்டு அந்தப் பொது டிரைவரோடு எழும். பாஸ்வேர்டு திரை தெரிந்தால், ஷிப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று உள்ளே போய், ரீஸ்டார்ட் ஆனதும் எண் 4. எதுவுமே தெரியாவிட்டால், விண்டோஸ் எழ ஆரம்பிக்கும்போது பவர் பொத்தானை விடாமல் அழுத்தி அணையுங்கள். இப்படி அடுத்தடுத்துச் செய்தால் மூன்றாம் முறை வாக்கில் விண்டோஸே பழுதுபார்க்கும் திரையைக் கொண்டுவரும். பழைய எஃப்8 விண்டோஸ் 8-லிருந்தே சாதாரணமாக வேலை செய்வதில்லை, அதை அடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். ஓர் எச்சரிக்கை: புது லேப்டாப்புகள் பலவற்றில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். இந்தப் பாதையில் போகும்போது பிட்லாக்கர் என்ற அந்தப் பூட்டு 48 இலக்கச் சாவி ஒன்றைக் கேட்கலாம். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் பதிவாகியிருக்கும். சிஸ்டம் நன்றாக இருக்கும்போதே அதை எழுதி பீரோவில் வைத்துவிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் அதைச் செய்யுங்கள்.

ரோல் பேக் பலிக்காவிட்டால் டிரைவரை அடியோடு நீக்கிப் புதிதாகப் போட வேண்டும். கன்ட்ரோல் பேனலில் நீக்கினாலும் மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் துடைக்க ‘டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்’ என்ற இலவசக் கருவி உண்டு, கடைகளில் டிடியு என்பார்கள். புதிய டிரைவரை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு, நெட்டைத் துண்டித்துவிட்டு, சேஃப் மோடில் டிடியுவை ஓட்ட வேண்டும். நெட்டைத் துண்டிக்காவிட்டால், நீங்கள் நீக்கிய மறு நிமிடமே விண்டோஸ் அப்டேட் தனக்குப் பிடித்த டிரைவரை உள்ளே தள்ளிவிடும். பார்மட் போட்ட பல சிஸ்டங்கள் ஒரு வாரத்தில் திரும்பக் கறுப்பதும் இதனால்தான். அதே கெட்ட அப்டேட் திரும்ப வந்திருக்கும்.

போட்டோஷாப் மட்டும் தள்ளாடுகிறது, குரோமில் மட்டும் வீடியோ பச்சையாகத் தெரிகிறது என்பவர்கள் இவ்வளவு தூரம் வர வேண்டாம். அந்தந்த மென்பொருளின் அமைப்பில் கிராபிக்ஸ் கார்டைப் பயன்படுத்தும் வசதியை அணைத்துப் பாருங்கள். டிடிபி நண்பர்கள் அவசர வேலை நடுவில் இருந்தால் இதுவே போதும்.

பழைய கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர் வீடுகளில் என்விடியாவின் ஜிடி 730 கார்டு நிறைய உண்டு. பெட்டியில் பெயர் ஒன்றுதான், உள்ளே இருக்கும் சில்லு இரண்டு வகை. ஒரு வகைக்கு டிரைவர் வழக்கமாக வருவது 2018இலேயே நின்றது, மற்றதற்கு 2021இல். பின்னதற்கு அதன் பிறகு சில பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வந்தன. தப்பான டிரைவரை இறக்கிவிட்டு ‘பொருந்தாத கார்டு’ என்ற செய்தியைப் பார்த்துக் கார்டு செத்துவிட்டதாக நினைக்காதீர்கள். ஜிடிஎக்ஸ் 1050, 1060 வரிசைக்கும் புது கேம்களுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு முடிந்தது, பாதுகாப்புத் திருத்தம் 2028 அக்டோபர் வரை வரும். செகண்ட்ஹேண்டில் வாங்குபவர்கள் ‘ஜிபியு-இசட்’ என்ற சின்ன இலவச மென்பொருளைக் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். பழைய சில்லில் புதுப் பெயரை ஏற்றி விற்கும் போலிக் கார்டுகளை அது காட்டிக்கொடுக்கும். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் ‘கோட் 43’ என்றும் வந்து, சுத்தமாக டிரைவர் போட்டும் போகாவிட்டால், கார்டின் பயாஸை யாரோ மாற்றியிருக்கலாம், அல்லது கார்டே போயிருக்கலாம்.

லினக்ஸ் அன்பர்களுக்கும் இதே தலைவலி உண்டு. 2012இல் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து என்விடியாவை என்ன சைகையோடு திட்டினார் என்பதைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. 2022 மே மாதத்தில் அந்தக் கம்பெனி தன் டிரைவரின் கெர்னல் பகுதி மூலநிரலைத் திறந்துவிட்டது. உபுண்டு போட்டதும் திரை கறுத்தால், கிரப் பட்டியலில் ‘இ’ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு, நோமோட்செட் (nomodeset) என்ற ஒரே சொல்லை ஆங்கிலத்தில் சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். உள்ளே போய்விடலாம், பிறகு உரிய டிரைவரைப் போட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவும் செய்து, சேஃப் மோடில் அமைதியாக இருந்துவிட்டு கேம் போட்டால் மட்டும் விழுகிறதா? அப்போது டிரைவரை விட்டுவிட்டு மூடியைத் திறக்க வேண்டும். வெயில் காலம், வருடக்கணக்கில் துடைக்காத தூசி, கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ். மூன்றும் சேர்ந்தால் எந்த டிரைவரும் தாங்காது. தனி கார்டின் வெப்பம் டாஸ்க் மேனேஜரிலேயே தெரியும். 90 டிகிரியைத் தாண்டினால் முதலில் விசிறியைத் துடையுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு கார்டைக் கழற்றி, அதன் தங்க விளிம்பை நம் கடைப் பையன்கள் ராமைத் தேய்ப்பது போலப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்துத் திரும்பச் சொருகலாம். பார்த்தால் சிரிப்பு வரும், பல சமயம் பலிக்கும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ‘உங்கள் டிரைவர்கள் எல்லாம் காலாவதி’ என்று சிவப்பு எழுத்தில் பயமுறுத்தி, ஒரே கிளிக்கில் எல்லாவற்றையும் புதுப்பிப்பதாகச் சொல்லும் மென்பொருள்களை வீட்டுக்குள் விடாதீர்கள். நன்றாக ஓடும் டிரைவரைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. புது கேம் கேட்டால், பாதுகாப்புத் திருத்தம் வந்தால், அல்லது உங்கள் கோளாறையே குறிப்பிட்டு அதைச் சரிசெய்திருப்பதாகக் கம்பெனி எழுதியிருந்தால் மாற்றுங்கள்.

இனி நமக்கு ‘டிஸ்ப்ளே வரலை’ என்று எழுதுபவர்கள் கூடவே மூன்று தகவல்களை எழுதுங்கள்: கார்டின் முழுப்பெயர், டிரைவரின் எண்ணும் தேதியும், கோளாறு தொடங்கும் முன் கடைசியாக மாற்றியது என்ன என்பது. அந்த மூன்றும் இருந்தால் அடுத்த இதழிலேயே பதில் தர முடியும். கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றால், கொடுப்பதற்கு முன் படங்களையும் காகிதங்களையும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் எடுத்துவிடுங்கள். கடைக்காரரிடம் ‘பார்மட் பண்ணாமல் பாருங்கள், பார்க்கும் நேரத்துக்கும் காசு தருகிறேன்’ என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்